மைத்துனன் பிடித்த கயிறு

2.2.1978, வியாழன்

படிப்பகத்துக்குப் பேப்பர் படிக்கப் போனவன், ஒரு போட்டிக்கு ஏசுவடியான் என்று என் பெயரைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். கடலில் முக்கால் கிலோமீட்டர் நீச்சல். கரையேறிப் பழையகாயல் வரை போய்த் திரும்ப சைக்கிள். பிறகு எட்டு கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் ஒரே காலையில். ஆறு மணிக்குத் தொடக்கம். பத்து மணிக்குள் முடித்தால் சான்றிதழ்.

பெயர் எழுதியவன் சத்தியராஜ், என் மைத்துனன் ஜேசுபாதத்தின் மகன். துறைமுக அலுவலகத்தில் கிளார்க்; போட்டியை நடத்துவது அந்த அலுவலகம்தான்.

"மாமா, ஒங்களுக்கு அம்பத்தொம்பது வயசு."

"கணக்கு சரிதான். எழுது."

"நீச்சல் தெரியுமா?"

தெரியும் என்றேன். தெரிந்தது நாசரேத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றில். அதன் குறுக்களவு பன்னிரண்டடி என்பதைச் சொல்லவில்லை. முக்கால் கிலோமீட்டர் என்றால் அந்தக் கிணற்றை இருநூற்றைந்து தடவை கடக்க வேண்டும்.

3.2.1978

மனைவி கிருபாபாயிடம் சொன்னேன். "முப்பது வருஷம் கணக்குப் பாடம் போக, ஓடுத பிள்ளைகளுக்கு விசிலும் ஊதுனீங்க. இப்ப ஒங்களுக்கு யாரு ஊதணும்?" என்றாள். ரிட்டயர் ஆனதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். அதுதான் காரணம். அவளிடம் சொல்லவில்லை.

11.2.1978, சனி

மரியான் கடலில் பழக்கிவிடச் சம்மதித்தார். முத்துக்குளிப்பில் இருபது வருடம் மூழ்கி எழுந்தவர். என் தோளையும் தொடையையும் அழுத்திப் பார்த்தார்.

"வாத்தியாரே, தண்ணி ஒம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லவே. அதட்டுனா அடங்காது."

இடுப்பில் கயிறு கட்டித்தான் இறக்குவாராம். மறுமுனை, கூடவே துடுப்புப் போட்டு வரும் வள்ளத்தில் இருப்பவன் கையில். நான் ஒரு வெட்டு வெட்டி இழுத்தால், அவன் தூக்கிவிட வேண்டும்.

"நீங்களே பிடியுங்கள்" என்றேன்.

"அது வழக்கமில்ல. பொண்டாட்டிகூடப் பொறந்தவன்தான் பிடிக்கணும். அக்கா தாலி கையில இருக்குன்னு அவன் கண்ணு அசரமாட்டான். ஒமக்கு மச்சினன் இருக்கானா?"

இருக்கிறான். அதுதான் சிக்கல்.

12.2.1978, ஞாயிறு

ஜேசுபாதம் என்னோடு பேசி எட்டு வருடம் ஆகிறது. ஒன்பதாம் வகுப்பில் சத்தியராஜ் என்னிடம் கணக்கில் முப்பத்து மூன்று வாங்கினான், தேற முப்பத்தைந்து. இரண்டு மார்க் போடச் சொல்லி ஜேசுபாதம் வந்து கேட்டான். நான் போடவில்லை. பையன் ஒரு வருடம் கூடப் படித்தான். "எம்மவன்னுதானே அமுக்குனாரு" என்று சொல்லிவிட்டுப் போனவன் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கிருபாபாய் முந்திரிக்கொத்து செய்து டின்னில் போட்டு யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். டின் காலியாகத் திரும்பி வரும். தம்பி வரமாட்டான். ஒவ்வொரு முறையும் டின்னுக்குள் எட்டிப் பார்ப்பாள், ஒரு துண்டுச் சீட்டாவது இருக்குமோ என்று.

20.2.1978

கிருபாபாய் நேரே போய்க் கேட்டுவிட்டாள். ஜேசுபாதம் வந்தான்! வீட்டுக்கு இல்லை, கடற்கரைக்கு. உப்பளத்து மேஸ்திரி, கைகள் உலக்கை மாதிரி. கயிற்றைப் பிடித்தான், என்னைப் பார்க்கவில்லை.

"மரியான் அண்ணாச்சி, அவர மூக்கால மூச்சு விட வேண்டாம்னு சொல்லுங்க."

"அவனிடம் சொல்லுங்கள், எனக்குத் தெரியும்."

"நடுவுல நான் என்ன தபால்பெட்டியாவே?" என்றார் மரியான்.

4.3.1978

இன்று நானூறு மீட்டர். இரண்டு படி உப்புத்தண்ணீர்.

10.3.1978, வெள்ளி

நாளை. கயிறு கூடாது என்று விதியில் இல்லை. இப்படி ஒருவன் வருவான் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். சத்தியராஜ்தான் கடிகாரம் பிடிக்கிறான்.

11.3.1978, சனி

உடம்பில் வலிக்காத இடம் காது மட்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பாதி தூரம் நன்றாகவே நீந்தினேன். வள்ளம் பின்னால் வந்தது. திடீரென்று தொடையில் வழவழவென்று சொறி என்கிற ஜெல்லிமீன் உரசி நெருப்பு வைத்தது. துள்ளினேன். கயிறு வெட்டி இழுத்தது. அவ்வளவுதான், வாளி மேலே வருவதுபோல வள்ளத்துக்குள் வந்து விழுந்தேன்.

"அத்தான்! உசுரோட இருக்கியளா அத்தான்? அக்காவுக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்!"

எட்டு வருடத்தில் முதல் பேச்சு. நான் பதிலுக்கு என்ன சொன்னேன்? "விடுலே என்னை! போட்டி நடக்குது!"

"இதத்தான் சொல்லுதேன், கயிறு பிடிக்க மச்சினன் வேணும்னு" என்று மரியான் ரசித்துக்கொண்டிருந்தார். தூக்கிய இடத்துக்கே வள்ளத்தைத் தள்ளி, குதிக்கச் சொன்னார். வயிறு பட விழுந்தேன். இதற்கே ஏழு நிமிடம் போயிற்று.

சைக்கிள் எனக்குப் பழக்கம். எதிர்காற்று மட்டும் உப்பளம் நெடுகிலும் என்னோடு வாதாடியது. ஓட்டத்தில் கடைசி இரண்டு கிலோமீட்டரை ஓட்டம் என்று எழுதினால் பொய். ஜேசுபாதம் சைக்கிளைப் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு, "கால எடுத்து வைங்க அத்தான், லாரிக்கு நேரமாச்சு" என்று உப்பளத்து ஆட்களை விரட்டுவதுபோல விரட்டினான்.

முடிவுக் கோட்டைத் தொட்டேன். சத்தியராஜ் கடிகாரத்தைப் பார்த்தான்.

"பத்து மணி ரெண்டு நிமிஷம், மாமா."

"ரெண்டு நிமிஷந்தானலே!" என்று ஜேசுபாதம் பாய்ந்தான். "தூக்கிப் போட்டது நான். அவரு என்ன செய்வாரு? பத்துன்னு எழுதுலே!"

சத்தியராஜ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "மாமா, நீங்களே சொல்லுங்க. போடட்டுமா?"

எனக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும்தான். சுவரில் ஆணிகூட அடித்து வைத்திருந்தேன். ஆனாலும் வாய் அதன் வழக்கப்படியே, "போடாதே" என்றது.

ஜேசுபாதம் என்னையே பார்த்தான். பிறகு தலையில் கை வைத்து மணலில் உட்கார்ந்தான். "ஏலே சத்தியராஜ், இந்த மனுஷன் தனக்கே போட மாட்டேங்காருலே! நாந்தான் எட்டு வருஷமா..." சிரிப்பா, என்ன அது, தோள் குலுங்கியது. துண்டை எடுத்து என் முதுகைத் துடைத்துவிட்டான், கொஞ்சம் பலமாகவே.

12.3.1978

கோயிலுக்குப் போகவில்லை. முழங்காலிட முடியாது, முழங்காலிட்டால் எழ முடியாது.

26.3.1978, ஈஸ்டர்

ஆணியில் சத்தியராஜ் ஒரு தாள் மாட்டியிருக்கிறான். 'ஏசுவடியான், 10.02, தேறவில்லை' என்று சிவப்பு மையில். வருகிறவர்களுக்கெல்லாம் ஜேசுபாதம் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, "எங்க அத்தான்" என்கிறான். மூன்றாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டு புளி தூக்கல் என்று அக்காவைக் குறையும் சொன்னான்.

முந்திரிக்கொத்து தட்டிலேயே தீர்ந்துவிட்டது. டின் அலமாரியில் கவிழ்ந்தபடியே இருக்கிறது.