முனுசாமியின் பதக்கம்

அக்டோபர் 12, ஞாயிறு

ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பழைய சாமான் கடையில் வெண்கலப் பதக்கம் ஒன்று கிடந்தது. விளிம்பில் ஆங்கிலத்தில் ‘முனுசாமி, சுமைகூலி, மதராஸ்’ என்று வெட்டியிருந்தது. லண்டனில் நம் ஊர்ப் பெயர்! கூட வந்த லின்னிடம் நீட்டினேன்.

“எங்க ஊர்க்காரர், பாரு!”

லின் என்னோடு வேலை பார்க்கிறவள், பெய்ஜிங்காரி. பதக்கத்தைத் திருப்பினாள். ‘சீனா 1900’. பிரிட்டிஷ் இந்தியப் படையும் சேர்ந்து எட்டு நாட்டுப் படைகள் அவள் ஊருக்குள் புகுந்து சூறையாடிய வருஷம். நீட்டும்போது எனக்குத்தான் உறைக்கவில்லை.

“சண்டை போடல லின், வெறும் சுமை தூக்கினவர்தான்” என்றேன் அவசரமாக.

“எதைத் தூக்கினார்?” என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை.

பதக்கத்தை அங்கேயே வைத்துவிட்டேன்.

முனுசாமி ஐயா, எதைத்தான் தூக்கினீர்?