அப்பா நிறுத்திய மாத்திரை

அன்புள்ள கண்ணுக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் முதல் வரியிலேயே பொய் எழுத மனசு வரவில்லை. நான் சுகம், அக்காவும் குழந்தையும் சுகம், அப்பாவை நேற்று மதியம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தோம். பதறாதே, உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், டீயில் சர்க்கரை போதவில்லை என்று குறை சொல்கிறார், ஆனால் மூத்திரத்துக்குக் குழாய் போட்டு அதன் பை நாற்காலிக் காலில் தொங்குகிறது. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

ஒரு மாதமாகவே அப்பா ஸ்கூல் பஸ்ஸை வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். அதே பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள் நான், என் கண்ணுக்குத் தப்புமா, கேட்டால் டயரில் காற்று பார்த்தேன் என்பார். பின் சீட்டு வாண்டுகள் அவருக்குக் காற்று மாமா என்று பேரே வைத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை முப்பத்திரண்டு பிள்ளைகளோடு அங்கே நின்ற பஸ் கிளம்பவே இல்லை. போய்ப் பார்த்தால் கழிப்பறைச் சுவரில் சாய்ந்து அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், வியர்த்துக் கொட்டுகிறது, ஒரு சொட்டுகூட வரவில்லையாம். வேறு டிரைவரை அனுப்பச் சொல்லி ஸ்கூலுக்குப் போன் போட்டேன். பங்குக்காரர்தான் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். இவர் என்னைப் பார்க்கிறார், கூரையைப் பார்க்கிறார், கடைசியில் “பையன் நிறுத்திட்டான் சார், அதான் நானும் நிறுத்திட்டேன்” என்கிறார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. நீ முடிக்காகப் போட்ட மாத்திரையும் இவருடையதும் ஒரே மருந்தாம், அளவுதான் வேறாம். அதை நீ யாரையும் கேட்காமல் நிறுத்தியதும், தலையணை முழுக்க முடியாகக் கிடப்பதும், தூக்கம் வராததும், எதிலும் மனசு ஒட்டவில்லை என்றதும், இது மாத்திரை செய்த வேலையோ என்று பயந்ததும் நாலு மாதமாக இந்த மனுஷருக்குத் தெரியுமாம், அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கினாயாம். இன்னும் ஏதோ சொன்னாயாமே, அதை அவர் சொல்லவில்லை, நானும் துருவவில்லை. உன்னை அப்படி ஆக்கிய மருந்து தனக்கு மட்டும் நல்லது செய்யுமா என்று பயந்து இவரும் விட்டிருக்கிறார்.

உன் மேல் எனக்குக் கோபம்தான், ஆனால் என் மேல் அதைவிட அதிகம். போனில் உன் முகத்தைப் பார்த்து நெற்றி ஏறிக்கொண்டே போகிறதே என்று சிரித்தவள் நான்தானே. இப்போது வேறு டிரைவர் ஓட்டுகிற பஸ்ஸில் பிள்ளைகளை இரண்டு தடவை எண்ணுகிறேன், இரண்டு தடவையும் வேறு வேறு கணக்கு வருகிறது. உன்னைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டேன். “நிறுத்தினா முடி மறுபடி கொட்டும், அது தெரிஞ்சதுதான். ஆனா தூக்கமில்ல, மனசு சரியில்லன்னா அது மருந்தாலயா வேற எதனாலயான்னு இங்கேர்ந்து சொல்ல முடியாதும்மா, உங்க பையன் அங்க ஒரு டாக்டரைப் பார்க்கணும், தள்ளிப்போடக் கூடாது” என்றார். வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொல், அப்பாவிடம் சொன்னதையும் சேர்த்து. தனியாக உட்கார்ந்து போனில் கண்டதையும் படித்துக்கொண்டிருக்காதே.

இன்னொன்று. புதிதாகக் கொடுத்த மாத்திரையை அப்பா விழுங்குகிறார், பழையதை மட்டும் தொடமாட்டேன் என்கிறார். திட்டிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். “அவன் மொதல்ல டாக்டர்கிட்ட போகட்டும், அவனுக்கு என்னன்னு தெரியட்டும், அப்புறம் நான் போட்டுக்கறேன்” என்று ஒரே பிடிவாதம். நீ நல்ல தூக்கம் தூங்கி, நிம்மதியாக நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று இந்த அம்மா ஆசீர்வதிக்கிறேன். டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்குப் பேச வேண்டாம், அப்பாவுக்குப் பேசு. மாத்திரையும் தண்ணீருமாக நான் பக்கத்தில் நிற்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா