நாக்கில் குத்தாத சோடா

பிப்ரவரி 12, 2025, புதன்

நாமக்கல் போய்ப் புது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். பெயர் தனப்பிரியா. என்னைவிடச் சின்னவராகத்தான் இருப்பார். நான் பேசி முடிக்கும்வரை கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை, அதிலேயே எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

தலைவலியைப் பற்றி எல்லாம் சொன்னேன். வலது கண்ணுக்குப் பின்னால் ஆரம்பிப்பது, வாந்தி, வெளிச்சம் ஆகாது, மிக்ஸி சத்தம் ஆகாது, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கிடப்பது. வாரத்துக்கு இரண்டு தடவை. வெயில் காலத்தில் அதற்கும் மேல். "வலி வந்தப்புறம் போடற மாத்திரையாவே போட்டுட்டு இருக்கீங்க, அதுவே தலைவலியக் கொண்டுவரும். இனி வராம இருக்கறதுக்கு தினமும் ஒண்ணு போடுங்க" என்றார்.

வலிக்காத நாளிலுமா? காய்ச்சல் இல்லாதவனுக்கு யாராவது காய்ச்சல் மாத்திரை கொடுப்பார்களா? கேட்டேவிட்டேன். சிரித்தார். எனக்கு வீசிங் இருப்பதால் ஒரு மாத்திரை ஆகாதாம். முன்பு சேலத்தில் கொடுத்த இன்னொன்றில் தூங்கித் தூங்கி வழிந்தேன், எடையும் ஏறியது. ஆக இது மூன்றாவது வழி. குழந்தை உண்டாகக் கூடாது என்றார். ஆபரேஷன் ஆகிவிட்டது என்றேன். தண்ணீர் நிறையக் குடிக்கணும், நீங்களாக நிறுத்தக் கூடாது. இதை இரண்டு தடவை சொன்னார்.

மருந்துக்கடையில்தான் கூத்து. "இது வலிப்புக்குத் தர்றதாச்சே, யாருக்குங்க?" என்று கடைக்காரர் கேட்க, என் வீட்டுக்காரர் தீனதயாளனுக்கு முகமே செத்துப்போய்விட்டது. வண்டி எங்கள் ஊர் மல்லசமுத்திரத்தை நெருங்கும்போது மெதுவாக, "ஏம்புள்ள, உனக்கு வலிப்பா?" என்றார். இதே மாத்திரையைத் தலைவலிக்கும் தருவார்கள் என்று டாக்டர் சொன்னது காதில் ஏறவே இல்லை. ஐயோ, இந்த மனுசனை வைத்துக்கொண்டு!

பிப்ரவரி 15

ஒன்றும் ஆகவில்லை. தலைவலி வந்தது, போனது. மாத்திரை அது பாட்டுக்கு உள்ளே என்ன செய்கிறது?

பிப்ரவரி 23, ஞாயிறு

விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது. உள்ளங்காலிலும். உதறினால் போவதில்லை. மாத்திரையைக் கூட்டச் சொல்லியிருந்தார், கூட்டியதும் ஆரம்பித்தது. பயப்பட வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லியிருந்ததால் பயம் இல்லை, வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஈரக் கையில் குறைவு, காய்ந்த கையில் அதிகம். ஏன்?

கம்பெனியில் பாட்டில் கழுவும் மாரக்காள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏனுங் அம்மிணி, கையக் கையப் பாத்துக்கறீங்க? வளையலு கிளையலு வாங்கற ரோசனையா?" என்றாள்.

கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு சோடா மெஷின். சர்பத் காய்ச்சுவது, மெஷினில் கேஸ் வைப்பது நான். கழுவுவதும் மூடி போடுவதும் மாரக்காள். குட்டியானை வண்டியில் கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் கொண்டுபோய்ப் போடுவது அவர்.

மார்ச் 5

இந்த வாரம் தலைவலி ஒரே தடவை. அதுவும் அரை நாளில் எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டேன். வாயால் சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும். எழுதினால் படாதுதானே?

மார்ச் 11, செவ்வாய்

சோடா கேஸ் சிலிண்டர் போடுகிறவனோடு சண்டை.

காலையில் பன்னீர் சோடா போட்டு முதல் பாட்டிலைக் குடித்துப் பார்த்தால் சர்க்கரைத் தண்ணீர். கேஸே இல்லை. மீட்டர் சரியாகக் காட்டுகிறது. மீட்டரை நம்பி நான் என்றைக்குக் கேஸ் வைத்தேன்? தண்ணீர் சில்லென்று இருந்தால் கேஸை இழுக்கும், வெயில் ஏறினால் துப்பிவிடும். நாக்கு வைத்துத்தான் முடிவு செய்வேன். போனைப் போட்டு, "என்னத்தைங்க அடைச்சுக் குடுத்தீங்க, காத்தையா?" என்று கேட்டேன். அவனும் விடவில்லை. "சேலம் பூரா இதே கேஸுதானுங்க்கா ஓடுது, உங்களுக்கு மட்டும் காத்தா?" என்றான்.

மீட்டரில் ஒரு கோடு ஏற்றி வைத்தேன். அப்பவும் போதவில்லை. இன்னொரு கோடு.

அவர் குடித்துவிட்டு, "தூக்கலா இருக்குது சரிதா" என்றார். உங்களுக்கு எருமை நாக்கு, உங்களுக்கு என்ன தெரியும் என்றேன்.

மார்ச் 15

பஸ் ஸ்டாண்டு கடை காளிதாஸ் அண்ணன் போன் செய்தார். "ஏனுங் அம்மிணி, நீங்க அனுப்பறது சோடாவா ராக்கெட்டா? மூடியத் தொறந்தா மேல போர்டு வரைக்கும் அடிக்குது. ஒரு வாத்தியாரு சட்டை பூரா பன்னீரு."

கேட்டதும் சிரிப்புதான் வந்தது. பிறகு யோசித்தேன். அதே சரக்கில் ஒரு பாட்டில் எடுத்து மூடியை உடைத்தேன். நுரை கொட்டகைக் கூரைக்கு அடித்தது. கையில் வழிந்ததை நக்கிப் பார்த்தேன். வெறும் சர்க்கரைத் தண்ணீர்! கண்ணுக்குத் தெரிகிற கேஸ் நாக்குக்குத் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? கேஸிலேயே கலப்படம் செய்கிறார்களோ?

நான் பிஎஸ்சி கெமிஸ்ட்ரி. அதற்கு மேல் என் மண்டை ஓடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பாட்டில் வெடித்துவிட்டது.

மாரக்காள் பாட்டில் கிரேடைத் தூக்கினாள், அவ்வளவுதான். பட்டாசு மாதிரி ஒரு சத்தம். முழங்கைக்குக் கீழே கிழித்துவிட்டது. ரத்தம் — நான் துண்டை வைத்து அழுத்துகிறேன், அவளானால் "போகுது உடுங்க அம்மிணி, கண்ணுல படலீல்ல" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள்.

அவர் என்னைத் திட்டவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு மீட்டரைப் பழைய இடத்துக்கு இறக்கி வைத்தார். திட்டியிருக்கலாம். எருமை நாக்குன்னு சொன்னேனே, அந்த எருமை நாக்கு சொன்னதக் கேட்டிருந்தா அந்தக் கை கிழிஞ்சிருக்குமா? எனக்கு என்ன கேடு?

மார்ச் 19

எனக்கு என்னவோ ஆகியிருக்கிறது. காலையில் குளிக்கும்போது உறைத்தது. உடனே காளிதாஸ் அண்ணன் கடைக்குப் போய்ப் பெரிய கம்பெனி கலர் சோடா ஒன்று வாங்கினேன். எங்கள் சரக்கு போடுகிற கடையில் நானே போட்டிக் கம்பெனி பாட்டில் வாங்கினால் அண்ணனுக்கு எப்படி இருக்கும்? "என்ன அம்மிணி, உளவு வேலையா?" என்றார்.

அதுவும் சர்க்கரைத் தண்ணீர். இன்னொரு கம்பெனி லெமன் வாங்கினேன். அதுவும். வெறும் சோடா உப்புப் போட்டு. அதுவும்! குமிழி மூக்கில் தெறிக்கிறது, காதில் சத்தம் கேட்கிறது, நாக்கில் மட்டும் குத்தவில்லை.

ஊரில் இருக்கிற எல்லாக் கம்பெனியும் ஒரே நாளில் கேஸைக் குறைத்திருக்க முடியாது. ஆக, என் நாக்குதான். மாத்திரை!

மார்ச் 21, வெள்ளி

டாக்டரிடம் சொன்னதும், "நீங்க சோடா கம்பெனின்னு எங்கிட்டச் சொல்லவே இல்லையே!" என்றார். அவர் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தலைவலிக்குப் போனால் தொழிலைப் பற்றி யார் பேசுவார்கள்?

அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், இது எனக்கு வேண்டும். "சோடா குத்தறது குமிழியால இல்லீங்க. அந்த கேஸ் உங்க நாக்குல பட்டு ஆசிடா மாறுது. அந்த ஆசிடத்தான் நாக்கு உணருது. அப்படி மாத்தறதுக்கு நாக்குல ஒரு என்ஸைம் இருக்கு. இந்த மாத்திரை அதைத் தடுத்துடும். எல்லாருக்கும் இப்படி ஆகாது, உங்களுக்கு ஆகியிருக்கு."

குமிழி இல்லையாமே! இத்தனை வருடம் சோடா போட்டு, சோடாவிலேயே சோறு தின்று, குத்துவது குமிழி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒருவகைப் புளிப்பு. பயத்தை மறந்து, "அப்ப எலுமிச்சம்பழப் புளிப்பு மட்டும் எப்படித் தெரியுது?" என்று கேட்டேன். அது ஏற்கெனவே ஆசிட், மாற்ற வேண்டியதில்லை என்றார். சர்தான்! வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுக்கிற அளவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவர்தான் கேட்டார். "தலைவலி நல்லாக் குறைஞ்சிருக்கு. ஒரு வருசமாவது தொடர்ந்தா நல்லது. வேற மாத்திரைக்கு மாத்திப் பாக்கலாம், ஆனா அது கேக்குமான்னு இப்பவே சொல்ல முடியாது. நீங்கதான் சொல்லணும், உங்களுக்கு எது வேணும்?"

தலையா, நாக்கா? யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மார்ச் 30

தலைவலி வந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று யோசித்தால் சட்டென நினைவு வரவில்லை. என் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

கொட்டகைக்குப் போனால் மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பழைய கோட்டிலேயே ஓடுகிறது. வெயில் ஏற ஏற அது பத்தாது, எவ்வளவு ஏற்றுவது? சர்பத்தின் இனிப்பு தெரிகிறது, இஞ்சிக் காரம் தெரிகிறது, சோடாவாக இருக்கிறதா என்பது மட்டும் தெரியவில்லை. சமையல்காரிக்கு உப்புத் தெரியாமல் போனால் எப்படி? நான் இல்லாமல் இந்தக் கம்பெனி ஒரு நாள் ஓடாது. அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 5, சனி

காளிதாஸ் அண்ணனின் தங்கை வீட்டுக் கல்யாணம் பதினாறாம் தேதி. மண்டபம் முழுக்க எங்கள் பன்னீர் சோடாதான். அவ்வளவு பெரிய ஆர்டர் இதுவரை வந்ததில்லை. ராக்கெட் விவகாரத்துக்குப் பிறகும் எங்களிடமே கொடுத்திருக்கிறார்.

மாத்திரையை நிறுத்தப் போகிறேன். கல்யாணம் முடியும்வரை மட்டும். அவரிடம் சொல்லவில்லை. டாக்டரிடமும்.

ஏப்ரல் 10

குத்துகிறது! லேசாக, நாக்கு நுனியில். ஒரு பாட்டில் முழுக்க நின்றபடியே குடித்து ஏப்பம் விட்டேன். மாரக்காள், "என்னுங், முழுகாம கிழுகாம இருக்கறீங்களா?" என்கிறாள். விரலில் எறும்பும் இல்லை.

ஏப்ரல் 16

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை.

நேற்றுக் காலையில் கல்யாணச் சரக்குப் போட உட்காரும்போது மீட்டரில் பாதி எண் மறைந்தது. அவ்வளவுதான், தலைவலி வருகிறது என்று தெரிந்துவிட்டது. கண்ணுக்குப் பின்னால் அரிவாள்மணை. வாந்தி. அறைக்குள் போய் ஈரத்துண்டைப் போட்டுக் கவிழ்ந்துவிட்டேன். இத்தனை நாள் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தது போல.

செத்துப்போச்சு ஆர்டர், மானம் போச்சு, அண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பேன் — அழுதேன். அழுதால் இன்னும் வலித்தது.

அப்போது கொட்டகையில் மெஷின் ஓடுகிற சத்தம். ஓடியது, நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி ஓடியது. பிறகு நிற்கவே இல்லை, பாட்டில் பாட்டிலாக மூடி விழுகிற சத்தம்.

நிறுத்திவிட்டு யாரோ குடித்துப் பார்த்திருக்கிறார்கள். யார்?

ஏப்ரல் 17, வியாழன்

வலி இறங்கிவிட்டது. கல்யாண மண்டபத்திலிருந்து காலிப் பாட்டில்கள் வந்து இறங்கின. ஒரு புகாரும் இல்லை. பந்திக்குப் பத்தவில்லை, இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம் என்றாராம் காளிதாஸ் அண்ணன்.

டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவரைக் கேட்டேன். "ஏனுங்க, கேஸ் யாரு வெச்சது?"

"நாந்தான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீ படுத்த நாளெல்லாம் யாரு வெச்சது? சாமியா வந்து வெச்சுது?"

வாரத்துக்கு இரண்டு நாள், எத்தனையோ வருடமாக. அந்த நாட்களில் கம்பெனி எப்படி ஓடியது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எதற்கெடுத்தாலும் ஏன், எப்படி என்று குடைகிற நான்! எழுந்து வந்து பார்த்தால் கிரேடு நிரம்பி இருக்கும். முந்தின நாள் சரக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

"ஏன் எங்கிட்டச் சொல்லலீங்க?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "நோவுல சுருண்டு கெடக்கறவகிட்டப் போயி, நீ இல்லாமயே எல்லாம் நடக்குதுன்னு சொல்லச் சொல்றியா?"

கோபமா, வெட்கமா, என்னவென்றே தெரியவில்லை. உள்ளே வந்து அழுதேன். இந்தத் தடவை தலை வலிக்கவில்லை.

மாத்திரை நிறுத்தியதையும் சொல்லிவிட்டேன். அதற்குத்தான் திட்டினார். நன்றாகத் திட்டினார்.

ஏப்ரல் 18

டாக்டரும் திட்டினார், போனில். இதே மாத்திரையை, குறைவான அளவிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வேறு மாத்திரைக்கு மாற்ற வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

மே 9

எறும்பு வந்துவிட்டது. குத்தல் போய்விட்டது. இஞ்சி சோடாவுக்கு அவர் கேஸ் குறைக்கச் சொல்கிறார், இஞ்சிக் காரத்துக்கு மேலே கேஸும் சேர்ந்தால் தொண்டை எரிகிறதாம். இது இத்தனை நாளாகவே அவருக்குத் தோன்றியதாம். எருமை நாக்கு என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டு குறைத்தேன்.

ஜூன் 7, சனி

இன்று கடைகளுக்குச் சரக்குப் போட லைனுக்கு நானும் வண்டியில் போனேன். நல்ல உச்சி வெயில். முன்பெல்லாம் இந்த நேரத்தில் ஜன்னல் திரையைக்கூட விலக்க மாட்டேன். கண்ணாடி போடவில்லை, தலைக்குத் துண்டு போடவில்லை.

பஸ் ஸ்டாண்டு கடையில் கிரேடு இறக்கும்போது போர் போடுகிற ரிக் வண்டி டிரைவர் ஒருவர் வந்து பன்னீர் சோடா கேட்டார். சட்டையெல்லாம் மண். காளிதாஸ் அண்ணன் எங்கள் பாட்டிலைத் திறந்து நீட்டினார். நாங்கள் போட்ட சோடாவை ஓர் ஆள் வெயிலில் நின்று குடிப்பதை நான் இதுவரை பார்த்ததே இல்லை. பக்கத்திலேயே நின்று முகத்தையே பார்த்தேன். முதல் மடக்கில் கண்ணை இறுக்கி மூடினார். கண்ணோரம் தண்ணீர் வந்துவிட்டது. "ஹா" என்று வாயைத் திறந்து மூச்சு விட்டார். மீதியை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார்.

"எப்படிங்க இருக்குது?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார், இந்தப் பொம்பளை யார் என்று. காலிப் பாட்டிலை வைத்துவிட்டு, "இன்னொண்ணு குடுங்கண்ணா" என்றார்.