அமலினி நன்மை எடுக்கவில்லையாம்

பலெர்மோ
தை 26, 2025

என் அன்பு அத்தானுக்கு,

நான் சுகம் என்று எழுதித் தொடங்கத்தான் ஆசை, முழங்கால் விடுதில்லை. போனில் கதைத்தால் நீங்கள் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்லக் கடைசியில் சண்டைதான். அதுதான் இந்தக் கிழமை தொடக்கம் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புவோம் என்று யோசித்தேன்.

காலையில் விரல்கள் மடங்குதில்லை. கலியாண மோதிரம் ஏறவே இல்லை, கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு கோத்திருக்கிறேன். லிபெர்த்தா வீதியில் நான் பராமரிக்கிற வயதான சிஞ்ஞோராவைக் கட்டிலால் தூக்கும்போது அவவும் "ஆய்" என்கிறா, நானும் "ஆய்" என்கிறேன். யார் யாரைப் பராமரிக்கிறது என்று அவவின் மகளுக்கே சந்தேகம்.

அந்த மகள்தான் என்னை டொக்டரிடம் கூட்டிப் போனா. உடம்பில் அழற்சி இருக்கிறதாம், காரணம் பிடிபடவில்லையாம். ஏதாவது சாப்பாடு ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாமாம். முதலில் கோதுமையை அடியோடு விட வேண்டும், ஒரு துணிக்கையும் கூடாது. பிறகு திரும்பச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாண், பாஸ்தா எல்லாம் விட்டாச்சு. இந்த ஊரில் அது பெரிய கூத்து. வுச்சீரியாச் சந்தைக்குள்ளால் வந்தால் தக்காளியும் வெங்காயமும் போட்டுச் சுட்ட பாண் வாசம் ஆளை விடாது. கை நோ கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. குறைந்ததா, என் ஆசையா தெரியவில்லை.

நீங்கள் இஞ்சை வாறதுக்கான விசாக் கடதாசி இன்னும் வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

உங்கள்
அமலினி

---

பேசாலை
மாசி 20

அமலினிக்கு,

கடிதம் கிடைத்தது. இஞ்சை எல்லாரும் சுகம். ஒன்று கேட்கிறேன், நேரே பதில் சொல்.

ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நிற்கிறேன், பலெர்மோவில் உங்கள் கோயிலுக்கு வாற சூசையம்மாவின் தங்கச்சி வந்தா. "ஏர்னஸ்ற், அங்கை அமலினி நன்மை எடுக்கிறேல்லையாம். சுவாமி நன்மை அப்பம் குடுக்க எல்லாரும் எழும்பிப் போக அவ மட்டும் வாங்கிலை இருக்கிறாவாம். கையிலை மோதிரமும் இல்லையாம்" என்றா. எங்கள் வள்ளத்தின் முதலாளி, சம்மாட்டி ஜோக்கிம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

பாவத்தோடு நன்மை எடுக்கக் கூடாது. ஒரு கலியாணம் முடித்த பெண் ஏன் நன்மை எடுக்காமல் இருப்பாள் என்று ஊருக்கே தெரியும். ஆர் அவன்? கேட்க வெட்கமாக இருக்கிறது, கேட்காமலும் இருக்க முடியவில்லை. கடலுக்குப் போகவும் மனம் வருகுதில்லை.

தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு சூசையம்மாவுக்கு முன்னால் போய் நன்மை எடு. அவவே தங்கச்சிக்குச் சொல்லட்டும். இல்லையென்றால் எனக்கு விசாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

ஏர்னஸ்ற்

---

பலெர்மோ
பங்குனி 4

அத்தான்,

எடுத்தேன். சூசையம்மா அக்கா கழுத்தை நீட்டிப் பார்த்தா. இதற்குள் உங்களுக்குச் செய்தி வந்திருக்கும்.

அந்த அப்பம் எதில் செய்கிறது? கோதுமையில். ஒரு துணிக்கையும் கூடாது என்று எழுதினேன், மோதிரம் எங்கே இருக்கிறது என்றும் எழுதினேன். அந்தக் கடிதம் உங்கள் போனில் இருக்கும், ஆறுதலாக வாசியுங்கோ. அப்பத்துக்குப் பதிலாகக் கிண்ணத்தில் திராட்சை இரசம் மட்டும் தரலாம் என்று சுவாமி சொன்னார். எல்லாரும் பார்க்கத் தனியாகப் போய் நிற்க வெட்கப்பட்டு வாங்கில் இருந்துவிட்டேன். ஆண்டவருக்கு விளங்கும் என்று நினைத்தேன். உங்களுக்கும் விளங்கும் என்றுதான் நினைத்தேன்.

நேற்று விரல்கள் திரும்ப வீங்கிவிட்டன. சூப் கரண்டி பிடிக்க முடியவில்லை, சிஞ்ஞோராதான் என் கையைத் தடவிவிட்டா. டொக்டரிடம் கேட்டேன். இவ்வளவு சின்னத் துண்டால் வந்ததா என்று சொல்ல முடியாதாம். வேறு ஏதும் கவலை இருக்கிறதா என்று கேட்டா. இல்லை என்று பொய் சொன்னேன்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நோகுதோ என்று ஒரு இடத்திலும் இல்லை.

பிறகு ஒன்று யோசித்தேன். தை மாதம் நான் கோதுமையை விட்டேன். அதே கிழமைதான் உங்களோடு போனில் கதைக்கிறதையும் விட்டேன். குறைந்தது எதனால்? ஒன்றொன்றாக விட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று டொக்டர் முதலே சொன்னா.

நாளைக்கு விபூதிப் புதன். தவக்காலம் முழுக்க நான் பாண் சாப்பிடுவேன், ஞாயிறுதோறும் நன்மை எடுப்பேன். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் நீங்கள் எழுதவும் வேண்டாம், போன் எடுக்கவும் வேண்டாம்.

உங்கள் விசாக் கடதாசி வெள்ளிக்கிழமை வந்தது. அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். கை திரும்ப வீங்கினால், பிழை கோதுமையில் என்று அதை அனுப்பிவிடுவேன். வீங்காவிட்டால் அனுப்பமாட்டேன்.

அமலினி