ஆவ்ரோ படங்கள்

12.8.1976, வியாழன்

ஸ்டுடியோவிலிருந்து படங்கள் வந்துவிட்டன. ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. மதுரை விமான நிலைய வேலிக்கு வெளியே நின்றே ஆவ்ரோ விமானத்தைப் படம் எடுத்துவந்த எனக்கு, போன வாரம்தான் அதில் மெட்ராஸ் வரை பறக்க வாய்த்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து இறக்கையையும் சுழலும் விசிறியையும் ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். எல்லாவற்றிலும் மூடுபனி போல ஒரு மங்கல்.

லென்ஸைத் துடைத்தேன். துணியில் மெல்லிய பழுப்பு. கோயிலில் காப்பாகப் பூசிக்கொள்ளப் பிரசாதமாகத் தரும் புற்றுமண்.

"ஏட்டி கோமதி, கேமராவுல புத்துமண்ணு பூசினியா?" என்று மனைவியிடம் கேட்டேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.

அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "உங்க நெத்தியில பூச வந்தா தட்டிவிடுதீங்க. அம்புட்டுச் சின்ன பிளேனு. கேமரா உங்க கழுத்துலதான கிடக்கும். அதுக்கு நெத்தி அந்தக் கண்ணாடிதான்னு நெனச்சேன்."

படங்களைத் திரும்ப உறையில் போட்டேன்.

மெட்ராஸில் இறங்கும்முன் விமானம் ஒரேயடியாகக் குலுங்கியது. கண்ணை மூடிக்கொண்டு கேமராவைத்தான் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தேன். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.