மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி

வல்லம் வடகால்
புதன்கிழமை

அன்புள்ள கனிஷ்காவுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்குக் கம்பெனி பஸ்ஸில் இந்த வாரம் காலை ஷிப்ட். நீயும் அந்த டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். கையால் எழுதி போட்டோ பிடித்து அனுப்புகிறாளே என்று சிரிக்காதே. நம் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரை அணைத்து வைத்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிடும்.

திங்கட்கிழமை உனக்கு ஒரு போட்டோ அனுப்பினேனே, சி டிரைவின் சிவப்புக் கோடு போய் நீலமாகி இருந்தது, நீயும் 'சூப்பர்மா, தனியாவா பண்ண?' என்று கேட்டு ஹார்ட் போட்டாய். தனியாகத்தான் பண்ணினேன், அதுதான் இப்போது வினையாகிவிட்டது. ஒரு மாதமாகவே சி டிரைவில் இடமில்லை என்று கம்ப்யூட்டர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிஎஃப் பாரம் திறக்கப் பத்து நிமிஷம், பிரிண்ட் கொடுத்தால் பாதியில் நிற்கும், ஷிப்ட் முடிந்து வரும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடும். பிரிண்டர் பார்க்க வந்த மெக்கானிக் ரகுபதியைக் கேட்டேன். 'டி டிரைவ்ல எடம் சும்மா கெடக்குதுக்கா, அத்த அழிச்சிட்டு சி-யோட சேத்துட்டா பெருசாயிடும், ஆனா உள்ள கீறதையெல்லாம் மொதல்ல பென் டிரைவ்ல எடுத்து வச்சிக்கினு பண்ணுங்க' என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். அவன்மேல் குற்றமில்லை. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எதற்கெடுத்தாலும் உன்னையே கூப்பிடுகிறோமே, இந்த ஒன்றையாவது நானே செய்து காட்டுவோம் என்று எனக்கு ஒரு வீம்பு.

நீ டப்ளினுக்குப் போகும்போது, ஸ்கேன் செய்து வைத்த சர்டிபிகேட்டை எனக்குத் தேடத் தெரியாது என்று வாடிக்கைப் பிள்ளைகளின் பெயரையெல்லாம் கம்ப்யூட்டர் திறந்ததும் தெரிகிற மாதிரி வரிசையாக வைத்துக் கொடுத்தாய் அல்லவா, நான் அவற்றைத்தான் பென் டிரைவில் போட்டேன். இங்கே நூற்று நாற்பத்து மூன்று பெயர், அதிலும் நூற்று நாற்பத்து மூன்று, இரண்டு தடவை எண்ணினேன். அத்தனையும் ஒரு நொடியில் ஏறிவிட்டது, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? டி-யை அழித்தேன். உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், சரியா என்று கேட்டது, சரி என்று அமுக்கினேன். செவ்வாய்க்கிழமை காலையில் பென் டிரைவைப் போட்டால் ஒரு பெயரும் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும் பார், அதை இத்தனை நாளும் அழகுக்கு என்றல்லவா நினைத்திருந்தேன். அது டி-க்கு வழி காட்டுகிற போர்டு மட்டும்தான், உள்ளே ஒன்றும் கிடையாது என்று ரகுபதி சொல்லித்தான் தெரிந்தது. 'ஒடனே அணைச்சிடுக்கா, இன்னும் எதுனா ஏத்தினா பழசு மொத்தமா பூடும்' என்றான்.

மற்ற பிள்ளைகளிடம் ஒரிஜினல் இருக்கிறது, திரும்ப ஸ்கேன் செய்துகொள்ளலாம். பேச்சியிடம்தான் இல்லை. அவளை உனக்குத் தெரியாது, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், நம் தெருவில் நாலு பேரோடு ரூமில் இருக்கிறாள். இரண்டு வருடம் வேலை பார்த்த சின்னக் கம்பெனியை மூடிவிட்டார்கள், அங்கே கொடுத்த அனுபவச் சான்றிதழ் போன மழையில் ரூமுக்குள் தண்ணீர் வந்தபோது கூழாகிவிட்டது. ஸ்கேன் என்னிடம் இருக்கிறது, நீ ஏன் அழுகிறாய் என்று அன்றைக்கு நான்தான் தைரியம் சொன்னேன். இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை சர்டிபிகேட் பார்க்கிறார்கள். அந்தக் காகிதம் இல்லையென்றால் அவளுக்கு மறுபடி கான்ட்ராக்ட்தான்.

நேற்று சாயங்காலம் பிரிண்ட் எடுக்க வந்தாள். சர்வர் இல்லம்மா, நாளைக்கு வா என்று சொல்லிவிட்டேன். கடையில் தினம் பத்துப் பேருக்குச் சொல்கிற வார்த்தை, வாயில் தானாக வந்துவிட்டது. நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கிற காகிதத்துக்குச் சர்வர் எதற்கு என்று அந்தப் பெண்ணுக்குக் கேட்கத் தெரியவில்லை. 'சரிக்கா, ஒங்ககிட்ட கெடக்குன்னா எனக்கென்ன பயம்' என்று சிரித்துக்கொண்டே போனாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா பார்த்துவிட்டு, 'அந்தப் பொண்ணாண்ட நெசத்த சொல்லாம இன்னாத்துக்கு இழுத்துக்கினு கீற' என்று திட்டினார். அவர் சொல்வது சரிதான், எனக்குத்தான் வாய் வரவில்லை.

நீயும் உன் பாஸ்போர்ட், சர்டிபிகேட் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் வை, வைத்ததைத் திறந்தும் பார். தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மர் உனக்குத் துணை இருப்பார், உனக்கு வேண்டிக்கொண்டபோது பேச்சிக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொண்டேன்.

இன்று சாயங்காலம் அவள் திரும்ப வருவாள். அதற்குள் பதில் போடு. அழித்ததை மீட்க முடியும் என்றால் நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுது. முடியாது என்றால் முடியாது என்றே எழுது, நான் அவள் முகத்தைப் பார்த்து அப்படியே சொல்லிவிடுகிறேன். அம்மா மனசு நோகுமே என்று நீயும் என்னிடம் சர்வர் இல்லை என்று சொல்லிவிடாதே.

உன் அம்மா,
செந்தாமரை