எண்ணெய்க்குள் ஓடும் பெல்ட்

அம்மா, இதை யாரிடமும் காட்டிவிடாதே. நீ இருக்கும் இடத்தில் தாத்தாவும் இருப்பார். அவரிடம்கூட வேண்டாம். அவர் வாயில் ஒன்றும் தங்காது, இன்றைக்கே அப்பாவின் கனவில் வந்து உளறிவிடுவார். பொழுது விடியும் வரை இது நம் இருவருக்கு மட்டும்.

என் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. எலுமிச்சையும் தேய்த்துப் பார்த்துவிட்டேன். அந்த வாசம் போகவில்லை. சூடேறி ஆறிய இன்ஜின் எண்ணெயின் வாசம். அதை முகர்ந்துகொண்டே எழுதுகிறேன், உன் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. பயமாக இருக்கிறது. ஆனாலும் கட்டிலில் ஏறிக் குதிக்க வேண்டும் போலவும் இருக்கிறது. நான் கண்டுபிடித்துவிட்டேன், அம்மா. உன் காருக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டேன். இதைச் சொன்னால், "அப்படியா, எங்க காட்டு" என்று ஓடி வர இந்த வீட்டில் நீ ஒருத்திதான் இருந்தாய்.

சாயங்காலம் அப்பா நாளைக்கு வேண்டிய பூவும் பழமும் வாங்க மோட்டார் சைக்கிளில் பெஸ்தாரி ஜெயாவுக்குப் போனார். அந்த நேரம் பார்த்து நான் உன் சிவப்புக் காரின் பானட்டைத் தூக்கினேன். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்தேன். அந்த ஓட்டைக்கு நேர் கீழே இன்ஜினின் டைமிங் பெல்ட் தெரிகிறது, அம்மா! இத்தனை காலம் அதன் மேலேயே எண்ணெய் ஊற்றினோம், ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை. அதன் முதுகெல்லாம் வெடிப்பு. அறுவடை முடிந்து தண்ணீர் வற்றிக் காய்ந்த தஞ்சோங் காராங் வயல் மாதிரி. ஓரம் உப்பிப்போய்ப் பிசிறு பிசிறாக நிற்கிறது. விரலை விட்டுத் தடவினேன். கருகிய ரொட்டியிலிருந்து உதிர்வது போலக் கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வந்தன.

இந்த பெல்ட்டுக்காக நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? பேக்டரிப் பெண்களை ஏற்றிய உன் வேனை விற்றுவிட்டு, பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற ஒரு சின்னக் கார் போதும் என்று ராவாங்குக்குக் கார் பார்க்கப் போன அன்றைக்கு. இன்ஜின் சின்னதுதான், ஆனால் டர்போ இருப்பதால் பெரிய இன்ஜின் போல இழுக்கும் என்று விற்பனையாளர் அடுக்கிக்கொண்டே போனார். பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடும், உராய்வு குறைவு, சத்தம் வராது, பெட்ரோல் மிச்சம் என்றார். நீ கையைக் கட்டிக்கொண்டு கேட்டாய்:

"எண்ணெய்க்குள்ள ரப்பரா? ஏன் தம்பி, பலகாரமா சுடறீங்க?"

அவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் மானம் போனது. வீடு வரும் வழியெல்லாம் நான் புது இன்ஜினுக்கு வக்கீல். நீ உன் வேனுக்கு வக்கீல். இந்த பெல்ட்டுக்குப் பதில் உன் வேனில் இருந்தது இரும்புச் சங்கிலி. "சங்கிலி தேய்ஞ்சா கத்தும்டி. ஊருக்கே கேக்கும். இது கத்துமா?" என்றாய். கத்தாமல் இருப்பதுதான் முன்னேற்றம் என்றேன். "சரி, ஓட்டித்தான் பாப்போம்லா" என்று முடித்தாய்.

ஓட்டிப் பார்த்தாய். அம்பாங் பெச்சாவைத் தாண்டி மலைப்பாதையில் ஏறிய அன்று, உன் வேன் மூச்சு வாங்கிப் பெருமூச்சு விடும் அதே வளைவில் இந்தக் குட்டி இன்ஜின் பறந்தது. நீ ஸ்டீரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாய். தோற்றுப்போனதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை. அதன் பிறகு எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் புலம்புவாய். "இது ஆயிலா, தேத்தண்ணியா? இப்படி ஓடுது." விலையையும் திட்டுவாய். ஆனாலும் அந்தக் காருக்கென்று சொன்ன எண்ணெயைத்தான் வாங்கி ஊற்றினாய். நீ இருந்தவரை பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீ போன பிறகு அப்பா அந்தக் காரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அப்பா வேலை செய்யும் எஸ்டேட் டிராக்டர் கொட்டகையில் நடப்பது உனக்குத் தெரியும். டிரம்மின் அடியில் பம்ப்புக்கு எட்டாமல் நிற்கும் எண்ணெயைக் கொட்டகையில் வேலை செய்கிறவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். சர்பத் போத்தலில் பிடித்துக்கொண்டு வருவார்கள். நம் தாமான் குடியிருப்பில் பாதி வண்டிகள் அதில்தான் ஓடுகின்றன. உன் வேனும் அதைக் குடித்துத்தான் அத்தனை வருஷம் ராவாங்குக்கும் வீட்டுக்கும் ஓடியது. அது முழுக்க இரும்பு. எதை ஊற்றினாலும் கொஞ்சம் முனகிவிட்டு வேலை பார்க்கும். அப்பா அதே எண்ணெயை இந்தக் காருக்கும் ஊற்றினார். கஞ்சத்தனத்தால் இல்லை, அம்மா. ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவித் துடைத்து, டாஷ்போர்டில் திருநீறு வைத்து, பிறகு மண்டியிட்டுத் தன் கையாலேயே எண்ணெய் மாற்றுவார். முன்பு நீ மாற்றியதைவிட அடிக்கடி மாற்றுகிறார். "உங்கம்மா வச்சிட்டுப் போன காரு. சொட்டுக்கூடக் கொறைய விடமாட்டேன்" என்பார். வாரத்தில் அந்த ஒரு காலைதான் அவர் முகம் பழையபடி இருக்கும்.

இப்போது நான் கண்டுபிடித்ததைக் கேள். அது டிராக்டரின் டீசல் இன்ஜினுக்கான கெட்டி எண்ணெய். அதில் கலந்திருக்கும் மருந்துகள் இரும்புக்கு நல்லது. இந்த ரப்பருக்கு ஆகாது. பெல்ட் ஊறி, உப்பி, உதிர்கிறது. உதிர்ந்த துகள் அடியில் போய் வடிகட்டியில் சேர்கிறது. நீ தேத்தண்ணி வடிகட்டும்போது தூள் அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்குமே, அதே போல. எண்ணெய் மேலே ஏறுவதில்லை. அதனால்தான் வெயில் நேரத்தில் சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டில் எண்ணெய் எச்சரிக்கை விளக்கு மினுக் மினுக்கென்று எரிகிறது. அப்பா அதை சென்சார் கோளாறு என்கிறார்.

இதோடு முடியவில்லை, அம்மா. போன வாரத்திலிருந்து பிரேக் கெட்டியாக இருக்கிறது, இரண்டு காலாலும் மிதிக்க வேண்டும் போலிருக்கிறது என்றும் சொல்கிறார். அதற்குப் புது பிரேக் கட்டை போட வேண்டுமாம். சத்தத்தை அணைத்துவிட்டுப் போனில் ஒரு மெக்கானிக் இதே மாதிரி இன்ஜினைப் பிரிப்பதைப் பார்த்தேன். பிரேக்குக்குத் துணையாக இருக்கும் சின்ன பம்ப்பும் இந்த எண்ணெயை நம்பித்தான் ஓடுகிறது! அதற்கும் ஒரு மெல்லிய வலை இருக்கிறது. அதிலும் இதே துகள். விளக்கும் பிரேக்கும் இரண்டு கோளாறு இல்லை, ஒரே பெல்ட்! பார்த்தவுடன் போனைக் கீழே போட்டுவிட்டேன். உன்னைக் கூப்பிட வாயைத் திறந்தேன், நிஜமாகவே திறந்தேன்.

ஆக, நம் சண்டையில் யார் ஜெயித்தது? எண்ணெயில் ரப்பர் கரையும் என்றாய், அது உன் பக்கம். சரியான எண்ணெயில் கரையவில்லை, அது என் பக்கம். உன் வேன் இன்ஜின் மனிதர்கள் செய்யும் தப்பைப் பொறுத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது. இது எண்ணெயிடமே நிறைய வேலை வாங்குகிறது, அதனால் அந்த ஒன்று மாறினால் எல்லாம் ஆட்டம் காண்கிறது. வேகமாக ஏறியது, பெட்ரோல் மிச்சமானது எல்லாம் உண்மைதான். அதற்கு ஈடாக எதைக் கொடுத்தோம் என்று அன்றைக்கு உன்னைத் தவிர யாரும் கேட்கவில்லை. நீ இருந்தால் இதையே பத்து நாள் பேசலாம்.

ஆனால் நாளைக் காலை அப்பா கலும்பாங் போகிறார். அக்காவுக்கு ஏழாம் மாதம். வளையல் போட்டு, தலைப் பிரசவத்துக்கு அவளை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். வரும் வழியெல்லாம் முன்னாலும் பின்னாலும் லோரிகள். அந்த பிரேக்கோடு, அந்த வயிற்றோடு அவள் இந்தக் காரில். சாப்பிடும்போது வாடகைக் காரில் போகலாமா என்று கேட்டேன். காரணம் கேட்டார். விளக்கு எரிகிறதே என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"உங்கம்மா காருலதான் அவள கூட்டியாரணும்மா. உங்கம்மாவே போயி கூட்டியார மாதிரி இருக்கும்" என்றார்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டேன். பெல்ட்டைப் பற்றிச் சொன்னால் எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணெயைப் பற்றிச் சொன்னால் அதை ஊற்றிய கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதனால் சாவியை எடுத்து ஒளித்துவிட்டேன். நீ ஸ்டீரிங்குக்கு மேல் சாலை தெரிய வேண்டும் என்று போட்டு உட்காருவாயே, அந்தக் குஷனின் உறைக்குள். அது இப்போது என் மடியில் இருக்கிறது.

மடியில் அதை வைத்தவுடன் ஈஜோக் சாலை ஞாபகம் வந்தது. எனக்குப் பள்ளி விடுமுறை, முன்சீட்டில் இருந்தேன். வேன் நிறைய பேக்டரிப் பெண்கள். எண்ணெய் விளக்கு எரிந்தது. நீ மறு யோசனை இல்லாமல் செம்பனைத் தோட்டத்து ஓரம் வண்டியை நிறுத்திவிட்டாய். எல்லாருக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. பின்சீட்டிலிருந்து ஸ்டெல்லா ஆன்ட்டி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்ன டிரைவரம்மா, வேனுக்கு மசக்கையா?" என்று கேட்க, வேனே சிரித்தது. கடைசியில் ஒன்றுமில்லை. ஒரு ஒயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு அவர்கள் உன்னைத் திட்டிய திட்டும், அதன் பிறகு பல மாதம் செய்த கேலியும்! நீ சாலையில் இறங்கி நின்று, எல்லாருடைய முகத்தையும் பார்த்து, இன்ன விளக்கு எரிந்தது, அதனால் நிறுத்தினேன் என்று சொன்னாய். வண்டியில் ஏறியதும் எனக்கு மட்டும் கேட்கும்படி, "லைட்டு எரிஞ்சா மொதல்ல ஓரமா போடு. திட்டு வாங்கறது அப்புறம்" என்றாய்.

உன்னிடமிருந்து எனக்கென்று வைத்திருப்பது அந்த ஒரு வார்த்தைதான். நகையெல்லாம் அக்காவுக்கு.

எழுத எழுதத்தான் ஒன்று உறைக்கிறது. அன்றைக்கு நீ சாவியை ஒளிக்கவில்லை. இறங்கி நின்று சொன்னாய். நான் ஒளித்துவைத்தால் அப்பா மாற்றுச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விடுவார். பீரோவில்தான் இருக்கிறது, அவருக்கு ஞாபகம் வர எவ்வளவு நேரமாகும். விடிந்ததும் அவரைக் காருக்கு அழைத்துப் போய் முதலில் பெல்ட்டைக் காட்டுவேன். பேச்சு வேண்டாம், டார்ச் போதும். அவர் விரலாலேயே தொட்டுப் பார்க்கட்டும். பிறகு இது ஏன் இப்படி ஆச்சு என்று அவர் கேட்டால், நான்

கதவு தட்டுகிறது. அப்பா.

"பாப்பா, முழிச்சிருக்கியா? கார் சாவியக் காணோம்மா."

குஷனை எடுத்துக்கொண்டேன். டார்ச்சும். ஓரமாகப் போடுகிறேன், அம்மா